ஸ்வீடிஷ், பின்னிஷ்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பின்லாந்தின் எஸ்போ நகரத்துக்குக் குடிவந்ததிலிருந்து இந்த இரண்டு மொழிகளைப் பற்றிப் பதில் சொல்லிக்கொண்டே இருக்கிறேன். ஊரிலிருந்து பேசும் உறவினர்கள் கேட்கிறார்கள், வேலைக்காகப் புதிதாக வந்து இறங்குகிறவர்களும் கேட்கிறார்கள். எல்லாருக்கும் வரும் சந்தேகங்கள் ஏறக்குறைய ஒன்றுதான். அதனால் அவர்கள் கேட்ட விதத்திலேயே எழுதி, தெரிந்த பதிலைச் சேர்த்திருக்கிறேன். அந்த மொழிச் சொற்களைத் தமிழ் எழுத்தில் முடிந்தவரை ஒலிக்கு நெருக்கமாகத் தந்திருக்கிறேன்.

ஸ்வீடிஷும் பின்னிஷும் தமிழும் மலையாளமும் மாதிரிதானே? ஒன்று தெரிந்தால் இன்னொன்று பாதியாவது புரியுமா?

துளிகூடப் புரியாது. ஸ்வீடிஷ் இந்தோ-ஐரோப்பியக் குடும்பத்தின் ஜெர்மானியக் கிளை. டேனிஷும் நார்வேஜியனும் அதன் உடன்பிறப்புகள், ஆங்கிலமும் ஜெர்மனும் ஒன்றுவிட்ட சொந்தம். பின்னிஷ் யூராலிக் குடும்பம். எஸ்தோனியன் அதற்கு மிக நெருங்கிய உறவு, ஹங்கேரியன் தூரத்து உறவு. வடக்கே வாழும் சாமி மக்களின் மொழிகளும் அந்தக் குடும்பம்தான்.

ஒன்று, இரண்டு, மூன்று எண்ணிப் பார்த்தாலே தெரிந்துவிடும். ஸ்வீடிஷில் எத், த்வோ, த்ரே. பின்னிஷில் யுக்சி, கக்சி, கொல்மே. ஸ்வீடிஷ் ‘த்ரே’யில் சமஸ்கிருத ‘த்ரி’ கேட்கிறது இல்லையா? அது தற்செயல் இல்லை, இரண்டும் ஒரே குடும்பம். பிறப்பு வழியில் பார்த்தால் ஸ்வீடிஷுக்குப் பக்கத்து வீட்டுப் பின்னிஷைவிட நம் ஊர் இந்தி நெருங்கிய சொந்தம். தமிழ்-மலையாளம் போன்ற நெருக்கம் வேண்டுமென்றால் ஸ்வீடிஷையும் நார்வேஜியனையும் சொல்லலாம். ஸ்வீடன்காரரும் நார்வேக்காரரும் அவரவர் மொழியில் பேசியே சமாளித்துக்கொள்வார்கள்.

ஹெல்சிங்கி போர்டில் ‘ஹெல்சிங்ஃபோர்ஸ்’ என்றும் போட்டிருக்கிறது. அது வேறு ஊரா?

அதே ஊர்தான். பின்லாந்துக்குப் பின்னிஷ், ஸ்வீடிஷ் என்று இரண்டு தேசிய மொழிகள் என அரசியலமைப்பின் 17-ஆவது பிரிவு சொல்கிறது. அதனால் பல ஊர்களுக்கு இரண்டு பெயர். துர்க்கு ஸ்வீடிஷில் ஓபு. நான் இருக்கும் எஸ்போவை ஸ்வீடிஷ்காரர்கள் எஸ்பு என்பார்கள்.

எல்லா ஊரிலும் இப்படி இருக்காது. ஓர் ஊராட்சியில் சிறுபான்மை மொழி பேசுகிறவர்கள் 8 சதவீதமாவது, அல்லது 3,000 பேராவது இருந்தால் அது இருமொழி ஊராட்சி. அங்கே அதிகம் பேர் பேசும் மொழி பலகையில் மேலே வரும், மற்றது கீழே. ஹெல்சிங்கியில் பின்னிஷ் மேலே இருக்கும். மேற்குக் கரையில் ஸ்வீடிஷ் பெரும்பான்மை உள்ள ஊர்களுக்குப் போனால் ஸ்வீடிஷ் மேலே ஏறிவிடும்.

பலகையைவிட என் கண்ணில் அதிகம் படுவது பால் பாக்கெட். அட்டைப் பெட்டியின் ஒரு பக்கத்தில் ‘மைதோ’, இன்னொரு பக்கத்தில் ‘மியொல்க்’. உப்பு, அரிசி, மருந்துச் சீட்டு வரை எல்லாவற்றிலும் இப்படித்தான். எனக்கு ஸ்வீடிஷில் தெரிந்த முதல் நூறு சொற்கள் சமையலறை அலமாரியிலிருந்து வந்தவை.

பின்லாந்துக்குள் ஸ்வீடிஷ் எப்படிப் போனது? ஸ்வீடன் பிடித்து ஆண்டதா?

இன்றைய வரைபடத்தை வைத்துப் பார்த்தால் அப்படித் தோன்றும். ஆனால் அந்தக் காலத்தில் பின்லாந்து என்று தனி நாடு கிடையாது. 12, 13-ஆம் நூற்றாண்டுகளில் ஸ்வீடனின் அரசும் திருச்சபையும் கிழக்கே விரிந்தன. அப்போதிருந்து 1809 வரை இது ஸ்வீடன் ராஜ்ஜியத்தின் கிழக்குப் பகுதி. கரையோரத்தில் ஸ்வீடிஷ் பேசும் உழவர்களும் மீனவர்களும் வந்து குடியேறினார்கள். நீதிமன்றம், அலுவலகம், படிப்பு எல்லாம் ஸ்வீடிஷிலும் லத்தீனிலும் நடந்தன. பின்னிஷ் வீட்டிலும் வயலிலும் பேசப்பட்டது. மிக்கேல் அக்ரிகோலா என்ற பாதிரியார் 1543-இல் ஓர் அரிச்சுவடி அச்சிட்டார், 1548-இல் புதிய ஏற்பாட்டை மொழிபெயர்த்தார். எழுத்துப் பின்னிஷ் அவரிடம் தொடங்குகிறது. அப்புறம் ஏறக்குறைய முந்நூறு வருடம் பின்னிஷில் வந்தவை பெரும்பாலும் சமய நூல்களும் சட்ட அறிவிப்புகளும்தான்.

1809-இல் ரஷ்யா பின்லாந்தைப் பிடித்துக்கொண்டது. புதிய ஆட்சிக்கு ஸ்வீடனோடு இருந்த தொடர்பு தளர வேண்டும், அதனால் பின்னிஷ் வளர்வதை அது தடுக்கவில்லை. எலியாஸ் லொன்ரொத் என்ற மருத்துவர் கரேலியா கிராமங்களில் நடந்து திரிந்து பாட்டுப் பாடும் முதியவர்களிடம் கேட்டு எழுதிக்கொண்டார். அவற்றைக் கோத்து ‘கலேவலா’ என்ற காப்பியத்தை 1835-இல் வெளியிட்டார். 1849-இல் அது 22,795 அடிகளாக விரிந்தது. 1863-இல் ஜார் இரண்டாம் அலெக்சாந்தர், இருபது ஆண்டுகளுக்குள் அலுவலகங்களில் பின்னிஷுக்கும் ஸ்வீடிஷுக்கு நிகரான இடம் வேண்டும் என்று ஆணையிட்டார்.

அந்த ஆணைக்குப் பின்னால் இருந்தவர் ஸ்னெல்மான் என்ற தத்துவ அறிஞர். அவருடைய தாய்மொழி ஸ்வீடிஷ், பின்னிஷுக்காக வாதாடிய கட்டுரைகளையும் ஸ்வீடிஷில்தான் எழுதினார். எனக்கு இந்த வரலாற்றில் மிகவும் பிடித்த இடம் இது. பின்னிஷ் எழுந்து நின்றது ஸ்வீடிஷ் பேசுகிறவர்களை எதிர்த்து மட்டும் இல்லை, அவர்களில் பலர் தோள் கொடுத்ததாலும்தான். 1906-இல் ஸ்னெல்மானின் நூற்றாண்டு விழாவை ஒட்டிப் பல்லாயிரம் பேர் தங்கள் ஸ்வீடிஷ் குடும்பப் பெயரைப் பின்னிஷுக்கு மாற்றிக்கொண்டார்கள். ஓவியர் அக்சல் கல்லேன் 1907-இல் அக்செலி கல்லென்-கல்லெலா ஆனார். 1917-இல் விடுதலை வந்தது. 1922-இன் மொழிச் சட்டம் இரு மொழிகளுக்குமான உரிமையை விரிவாக வகுத்தது.

சரி, பின்லாந்தில் ஸ்வீடிஷ் பேசுகிறவர்கள் ஸ்வீடன்காரர்கள்தானே?

இல்லை. இதை அவர்களிடமே கேட்டால் மனம் நோகும். பின்லாந்து மக்களில் சுமார் 5 சதவீதம், மூன்று லட்சத்துக்குச் சற்றுக் குறைவானவர்கள், ஸ்வீடிஷைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள். பல நூறு ஆண்டுகளாக இந்த மண்ணில் இருப்பவர்கள். ஐஸ் ஹாக்கியில் ஸ்வீடனும் பின்லாந்தும் மோதினால் பின்லாந்துக்குத்தான் கத்துவார்கள், ஸ்வீடிஷில் கத்துவார்கள்.

பின்லாந்தின் தேசிய கீதமே முதலில் ரூனெபெரி ஸ்வீடிஷில் எழுதிய கவிதை. இசையமைப்பாளர் சிபேலியுஸ், படைத்தலைவர் மன்னெர்ஹெய்ம், லினக்ஸைத் தொடங்கிய லினுஸ் தோர்வால்ட்ஸ் எல்லாரும் ஸ்வீடிஷ் பேசும் குடும்பங்களில் பிறந்தவர்கள். தூவெ யான்சொன் குழந்தைகளுக்கான மூமின் கதைகளை ஸ்வீடிஷில்தான் எழுதினார்.

அவர்கள் எல்லாரும் பணக்காரர்களாமே?

இந்தப் பேச்சு பின்லாந்துக்குள்ளேயே ஓடுகிறது. பழைய பிரபுக் குடும்பங்களும் வணிகக் குடும்பங்களும் ஸ்வீடிஷ் பேசியதால் வந்த பெயர். ஆனால் ஸ்வீடிஷ் பேசியவர்களில் பெரும்பாலோர் கடலோரக் கிராமத்து உழவர்கள், மீனவர்கள், மாலுமிகள். ஒரு சில மாளிகைகளை வைத்து எல்லாரையும் அளக்கக் கூடாது.

அவர்கள் பேசுவது ஸ்டாக்ஹோம் ஸ்வீடிஷ்தானா?

எழுத்து ஒன்றுதான், காதுக்கு வேறு. ஸ்வீடனில் சொல்லுக்குள் சுரம் ஏறி இறங்கும். ‘அந்தென்’ என்று ஒரு விதமாக இழுத்தால் ‘அந்த வாத்து’, இன்னொரு விதமாக இழுத்தால் ‘அந்த ஆவி’. பின்லாந்து ஸ்வீடிஷில் இந்தச் சுர வேறுபாடு கிடையாது, இரண்டும் ஒரே மாதிரிதான் ஒலிக்கும். இடம் பார்த்துப் புரிந்துகொள்ள வேண்டியதுதான். பின்லாந்து ஸ்வீடிஷ் நிதானமாக, எழுத்தெழுத்தாகக் காதில் விழும். புதிதாகக் கற்பவருக்கு அதுதான் சுலபம் என்று நான் சொல்வேன்.

சொற்களும் கொஞ்சம் மாறும். குப்பைத் தொட்டியைப் பின்லாந்து ஸ்வீடிஷில் பின்னிஷ் பேச்சுவழக்கைப் போலவே ‘ரொஸ்கிஸ்’ என்பார்கள். அறையைச் சூடாக்கும் சுவர்க் கருவிக்குப் பெயர் ‘பத்தெரி’. ஸ்வீடன்காரர் காதில் அது டார்ச் லைட்டுக்குப் போடும் பேட்டரி.

ஓலாந்து தீவுகளில் பின்னிஷே கிடையாதாமே?

ஆட்சி மொழி ஸ்வீடிஷ் மட்டும்தான். ஸ்வீடனுக்கும் பின்லாந்துக்கும் நடுவே கடலில் கிடக்கும் தீவுக்கூட்டம், சுமார் 30,000 பேர். பின்லாந்து விடுதலை பெற்றபோது அவர்கள் ஸ்வீடனோடு சேர விரும்பினார்கள். 1921-இல், ஐ.நா.வுக்கு முன்பிருந்த சர்வதேச சங்கம் தீவுகளைப் பின்லாந்துக்கே கொடுத்தது. ஆனால் மொழிக்கும் பண்பாட்டுக்கும் உறுதியான பாதுகாப்பு வேண்டும் என்று நிபந்தனை போட்டது. அந்த ஏற்பாடு நூறு வருடம் தாண்டி இன்றும் நிற்கிறது. வெளியூர்க்காரர் அங்கே நினைத்தபடி நிலம் வாங்க முடியாது, அதற்குத் தீவுவாசி என்ற தனி உரிமையோ சிறப்பு அனுமதியோ வேண்டும்.

பின்னிஷ் உலகத்திலேயே கஷ்டமான மொழி என்கிறார்கள். பதினைந்து வேற்றுமையாம்?

பதினைந்து வேற்றுமை இருப்பது உண்மை. பயம் ஆங்கிலம் வழியாக அதைப் பார்ப்பதால் வருவது. தமிழ் வழியாகப் பாருங்கள். ‘தலொ’ என்றால் வீடு. ‘தலொஸ்ஸ’ வீட்டில். ‘தலொஸ்த’ வீட்டிலிருந்து. ‘தலோன்’ வீட்டுக்குள். பெயர்ச்சொல்லின் வாலில் உருபு ஒட்டுகிறது, அவ்வளவுதான். நாம் பிறந்ததிலிருந்து செய்கிற வேலை.

இன்னும் இருக்கிறது. ‘துலெத்கோ?’ என்றால் ‘வருகிறாயா?’. ‘துலெ’ என்பது வா, ‘த்’ என்பது நீ, ‘கோ’ என்பது நம் கேள்வி ‘ஆ’. மூன்று துண்டும் நம் வரிசையிலேயே நிற்கின்றன. ‘கின்’ என்று வாலில் சேர்த்தால் நம் ‘உம்’. ‘என்னிடம் புத்தகம் இருக்கிறது’ என்பதை ‘மினுல்ல ஒன் கிர்ய’ என்பார்கள்: என்னிடம், இருக்கிறது, புத்தகம். ஆங்கிலத்தைப் போல ‘நான் உடையேன்’ என்ற கட்டு கிடையாது. வீடு ‘வீட்டில்’ ஆகும்போது அடிச்சொல்லே மாறுகிறதே, அதுபோல அங்கே ‘துர்க்கு’ ஊர் ‘துருஸ்ஸ’ (துர்க்குவில்) ஆகும்.

குறில் நெடிலும் நமக்குப் பழகியது. ‘துலி’ நெருப்பு, ‘தூலி’ காற்று, ‘துல்லி’ சுங்கம். என்னோடு வகுப்பில் இருந்த பிற நாட்டுக்காரர்கள் இந்த மூன்றையும் பிரித்துச் சொல்லப் பல வாரம் பாடுபட்டார்கள். தமிழ் பேசியவர்களுக்கு முதல் நாளே வந்துவிட்டது. கஷ்டம் வேறு இடத்தில் இருக்கிறது: சொற்கள் எல்லாம் புதிது, பிடித்துக்கொள்ள ஓர் ஆங்கிலச் சாயல்கூடக் கிடைக்காது. ஸ்வீடிஷில் அந்தச் சாயல் நிறையக் கிடைக்கும்.

அப்படியானால் பின்னிஷும் தமிழும் சொந்தமா?

இதைக் கேட்கும்போது பலருடைய கண்ணில் ஓர் ஆசை தெரியும், எனக்கும் அது உண்டு. 1856-இல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை எழுதிய கால்டுவெல்லே பின்னிஷ் உள்ளிட்ட மொழிக்கூட்டத்தோடு தமிழுக்கு உறவு இருக்கலாம் என்று கருதினார். ஆனால் இன்றுவரை அது நிறுவப்படவில்லை. மேலே சொன்ன ஒற்றுமையெல்லாம் கட்டுமானத்தில் உள்ள ஒற்றுமை. உருபை ஒட்டிக்கொண்டே போகும் மொழிகள் உலகில் பல உண்டு, துருக்கியும் அப்படித்தான். உறவு என்று சொல்ல அடிச்சொற்கள் ஒழுங்கான ஒலி மாற்றத்தோடு பொருந்த வேண்டும்.

பின்லாந்துக்கும் தமிழுக்கும் வேறொரு உண்மையான தொடர்பு இருக்கிறது. ஹெல்சிங்கிப் பல்கலைக்கழகத்தின் அஸ்கோ பார்ப்போலா சிந்துவெளி எழுத்துக்குப் பின்னால் இருப்பது ஒரு திராவிட மொழி என்று பல ஆண்டுகளாக வாதாடிவருபவர். 2010-இல் கோவையில் நடந்த உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாட்டில் அவருக்குச் செம்மொழித் தமிழ் விருது வழங்கப்பட்டது.

‘அவன்’, ‘அவள்’ வித்தியாசமே இல்லையாமே? மரியாதைக்கு என்ன செய்வார்கள்?

பின்னிஷில் ஆணுக்கும் பெண்ணுக்கும் ‘ஹன்’ ஒன்றுதான். ஸ்வீடிஷில் ‘ஹான்’ அவன், ‘ஹூன்’ அவள் என்று உண்டு. இரண்டுக்கும் பொதுவாக ‘ஹேன்’ என்ற சொல் புழக்கத்துக்கு வந்து 2015-இல் ஸ்வீடிஷ் அகாதமியின் சொற்பட்டியலிலும் ஏறியது.

மரியாதை விஷயத்தில் ஸ்வீடனில் ஒரு பெரிய மாற்றம் நடந்தது. முன்பெல்லாம் எதிரில் நிற்பவரிடமே ‘டாக்டருக்குக் காபி வேண்டுமா?’ என்று பட்டம் சொல்லிப் பேச வேண்டும். 1967-இல் அரசு மருத்துவ வாரியத்தின் தலைவரான புரூர் ரெக்செத், இனி எல்லாரையும் ‘தூ’ (நீ) என்றே அழைக்கப்போவதாக ஊழியர்களிடம் சொன்னார். சில வருடங்களில் நாடே அதற்கு மாறியது. பின்னிஷில் ‘தே’ (நீங்கள்) இன்னும் இருக்கிறது, பெரியவர்களிடம் சொல்லலாம். வேலையிடத்தில் யாரும் எதிர்பார்ப்பதில்லை. என் அப்பா வயதுள்ள மேலாளரைப் பெயர் சொல்லி ‘நீ’ என்று கூப்பிட எனக்கு அரை வருடம் பிடித்தது. தொண்டைவரை வந்து நின்றுவிடும்.

வகுப்பில் படித்த பின்னிஷ் தெருவில் கேட்கவே இல்லை. ஏமாற்றிவிட்டார்களா?

இல்லை, அங்கும் எழுத்து வழக்கு வேறு, பேச்சு வழக்கு வேறு. ‘மினா ஒலென்’ (நான் இருக்கிறேன்) தெருவில் ‘மா ஓன்’ ஆகிவிடும். ‘போகிறேன்’ நம் வாயில் ‘போறேன்’ ஆவது போலத்தான். ஆளைக் குறிக்கும் ‘ஹன்’கூடப் பேச்சில் ‘செ’ (அது) ஆகிவிடும். அதில் அவமரியாதை எதுவும் இல்லை. இரண்டையும் சேர்த்தே படியுங்கள்.

இத்தனை காலம் ஒன்றாக இருந்தும் ஒன்றிலிருந்து ஒன்று எதுவும் எடுத்துக்கொள்ளவில்லையா?

நிறைய எடுத்திருக்கின்றன, அதிலும் பின்னிஷ். பழைய பின்னிஷில் சொல்லின் தொடக்கத்தில் மெய்கள் கூடி வராது, எனவே கடன் வாங்கும்போது முன்மெய்யை உதிர்த்துவிடும். ஸ்வீடிஷ் ‘ஸ்கூலா’ (பள்ளி) ‘கோவ்லு’ ஆனது. ‘ஸ்தூல்’ (நாற்காலி) ‘துஒலி’. ‘ஸ்தலம்’ நம்மிடம் ‘தலம்’ ஆனதை நினைத்துக்கொள்ளுங்கள். இன்னும் பழைய கடன்களும் உண்டு. அரசனுக்கான ‘குனிங்கஸ்’ ஈராயிரம் ஆண்டுக்கு முந்தைய ஜெர்மானிய வடிவத்தை அப்படியே காத்து வைத்திருக்கிறது. ஸ்வீடிஷில் அதே சொல் ‘குங்’ என்று தேய்ந்துவிட்டது. ‘அம்மா’ என்பதற்கான பின்னிஷ் ‘ஐதி’யே ஜெர்மானியக் கடன்தான். எதிர்த்திசையில், பையனைக் குறிக்கும் ஸ்வீடிஷ் ‘பொய்கே’ பின்னிஷ் ‘பொய்க’விலிருந்து போனது.

ஸ்வீடனில் பின்னிஷ் பேசுகிறவர்கள் உண்டா?

உண்டு. பின்லாந்துப் பூர்வீகம் உள்ளவர்கள் மூன்று தலைமுறை சேர்த்து ஏறக்குறைய ஏழு லட்சம் பேர் அங்கே இருக்கிறார்கள், எல்லாரும் பின்னிஷ் பேசுவதில்லை. 16, 17-ஆம் நூற்றாண்டுகளிலேயே காட்டை எரித்துப் பயிர்செய்யத் தெரிந்த பின்னிஷ் குடும்பங்கள் வெர்ம்லாந்துக் காடுகளில் குடியேறின. அங்கே அவர்களின் மொழி 20-ஆம் நூற்றாண்டு வரை உயிரோடு இருந்தது.

இரண்டாம் உலகப் போரின்போது சுமார் 70,000 பின்லாந்துக் குழந்தைகளைக் கழுத்தில் பெயர்ச்சீட்டு கட்டி ரயிலிலும் கப்பலிலும் ஏற்றிப் பெரும்பாலும் ஸ்வீடனுக்கு அனுப்பினார்கள். சின்னப் பிள்ளைகள் சில மாதத்திலேயே பின்னிஷை மறந்துவிட்டார்கள். போர் முடிந்து திரும்பியபோது பெற்ற தாய் பேசுவது பலருக்குப் புரியவில்லை. சில ஆயிரம் பேர் திரும்பவே இல்லை. இதை எப்போது படித்தாலும் எனக்கு மேலே படிக்க முடிவதில்லை.

அப்புறம் 1969, 1970 இரண்டே வருடத்தில் சுமார் 80,000 பேர் தொழிற்சாலை வேலை தேடி ஸ்வீடன் போனார்கள். அவர்கள் இன்று முதியவர்கள். மறதி நோய் வந்தால் பின்னால் கற்ற ஸ்வீடிஷ் முதலில் போய்விடுகிறது, பின்னிஷ் தங்கிவிடுகிறது. அதனால் பல நகராட்சிகளில் பின்னிஷில் முதியோர் பராமரிப்பு கேட்டுப் பெறும் உரிமையைச் சட்டம் தந்திருக்கிறது.

மெயன்கியெலி என்பது தனி மொழியா, பின்னிஷா?

‘எங்கள் மொழி’ என்பதுதான் அந்தப் பெயரின் பொருள். 1809-இல் எல்லைக்கோடு தோர்னியோ ஆற்றின் வழியே போனபோது, இரு கரையிலும் பின்னிஷ் பேசிய ஊர்கள் பிரிந்தன. மேற்குக் கரை ஸ்வீடனில் நின்றுவிட்டது, அங்கே மொழி தனி வழியில் வளர்ந்தது. கேட்டால் பின்னிஷ்காரருக்குப் புரியும். ஆனால் அதைப் பேசுகிறவர்கள் தனி மொழி என்கிறார்கள், ஸ்வீடனும் 2000-இல் பின்னிஷ், சாமி, ரோமானி, யித்திஷ் ஆகியவற்றோடு அதையும் தேசியச் சிறுபான்மை மொழியாக ஏற்றது. அவர்கள் சொல்வதை ஏற்பதே முறை. 1950-கள் வரை அங்கே பள்ளியில் பிள்ளைகள் அந்த மொழி பேசத் தடை இருந்தது. அந்தக் காலத்தை ஆராய்ந்த ஆணையம் 2023-இல்தான் அறிக்கை தந்தது.

பின்லாந்துப் பள்ளியில் எல்லாரும் ஸ்வீடிஷ் படிக்க வேண்டுமா?

வேண்டும். 2016 முதல் ஆறாம் வகுப்பிலேயே தொடங்குகிறது. ஸ்வீடிஷ் பள்ளிப் பிள்ளைகள் பின்னிஷ் படிக்கிறார்கள். எதிர்ப்பவர்கள் இதற்கு ‘கட்டாய ஸ்வீடிஷ்’ என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். கிழக்குப் பகுதியில் ஒரு ஸ்வீடிஷ்காரரையும் பார்க்காமல் வளரும் பிள்ளைக்கு அது சுமை என்பது நியாயமான குறைதான். ஆனால் பிரசவ அறையிலும் நீதிமன்றத்திலும் ஒருவர் தன் தேசிய மொழியில் பேசலாம் என்று சட்டம் எழுதிவிட்டால், அதைக் கேட்டுப் புரிந்துகொள்ள யாராவது படித்திருக்க வேண்டும். நான் பாடம் இருக்கட்டும் என்கிற பக்கம்.

நான் வேலைக்கு வருகிறேன். எதைப் படிப்பது?

ஸ்வீடன் என்றால் ஸ்வீடிஷ், யோசிக்கவே வேண்டாம். குடியேறியவர்களுக்கு அரசே இலவசமாக வகுப்பு நடத்துகிறது. பின்லாந்து என்றால் எந்த ஊர் என்று பாருங்கள். ஹெல்சிங்கி வட்டாரத்தில் வேலைக்கும் அக்கம்பக்கத்துக்கும் பின்னிஷ்தான் உதவும். மேற்குக் கரையின் ஸ்வீடிஷ் ஊர்களிலோ ஓலாந்திலோ வேலை என்றால் ஸ்வீடிஷ். குடியுரிமை கேட்கும்போது இரண்டில் எதில் தேர்ச்சி காட்டினாலும் செல்லும்.

பிள்ளைகளுக்குத் தாய்மொழி வகுப்பு உண்டா என்று பள்ளியில் கட்டாயம் கேளுங்கள். போதிய பிள்ளைகளும் ஆசிரியரும் கிடைத்தால் இரண்டு நாடுகளிலும் நடத்துகிறார்கள், ஸ்வீடனில் தமிழும் அப்படிச் சொல்லித்தரப்படுகிறது. விண்ணப்பிக்கக் கடைசி நாள் உண்டு, அதைத் தவறவிட்டால் ஒரு வருடம் போய்விடும்.

வந்து இறங்கும் முதல் நாளுக்கு ஒரு சொல் போதும்: ‘ஹெய்’. வணக்கம் சொல்ல இரண்டு மொழியிலும் அதுவே செல்லும். நன்றிக்கு மட்டும் ஸ்வீடனில் ‘தக்’, பின்லாந்தில் ‘கீதொஸ்’.